நடுவில் ஆள் வேண்டாதவள்

அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவேன். அதற்கு மேல் போனால் என் வயிற்றெரிச்சல் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் பொறாமை. அவள் எங்கள் ஸ்டூடியோவில் இருந்தபோதும் இருந்தது, வேலையை விட்டுப் போய் இரண்டு மழைக்காலம் ஆன பிறகும் இருக்கிறது. அடங்கும் என்று பார்த்தேன், அடங்கவில்லை.

ஸ்டூடியோ என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம்தான். முன்னறை, உள்ளறை, நடுவில் ஒரு சுவர். அண்ணன் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பான். வாடிக்கையாளர்களிடம் பேசுவது, தேதி வாங்குவது, ஆல்பம் கொடுப்பது, கேமராவில் இருந்து கழற்றி வரும் மெமரி கார்டுகளைப் பத்திரப்படுத்துவது எல்லாம் நான். முன்னறைக் கம்ப்யூட்டரில் அந்தக் கார்டுகளைச் சொருகி, காட்சிகளை ஒரு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, அதன்மேல் பெயர் எழுதி ஒட்டி, உள்ளறைக்கு எடுத்துப் போய் எடிட்டிங் கம்ப்யூட்டரில் இறக்குவேன். ஏற்ற அரை நாள், இறக்க அரை நாள். என் கை படாமல் ஒரு தாலிகூட அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போனதில்லை. "ஏய், அந்தக் கொருக்குப்பேட்ட கல்யாணம் எங்க?" என்று அண்ணன் கத்துவான். எங்கே என்று எனக்குத்தான் தெரியும். அப்படி ஒருவன் கத்தி நாம் பதில் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எடிட்டிங்குக்கு ஆள் வேண்டும் என்று அண்ணன் சொல்லிவைத்து வந்தவள்தான் அவள். திருவொற்றியூர்க்காரி. அப்பா மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவர். என் வயதுதான் இருக்கும். தோளில் ஒரு துணிப்பை, காலில் ஆண்கள் போடுகிற செருப்பு. வந்ததும் நாற்காலியில் உட்காரவில்லை. முன்னறைக்கும் உள்ளறைக்கும் ஒரு தடவை நடந்து பார்த்தாள்.

"முன்னாடி மிஷின்ல கீறது உள்ள எப்டி வருது?" என்றாள்.

"நான் எடுத்துனு வருவேன்" என்றேன்.

"நடுவுல நீ இன்னாத்துக்கு?"

அவள் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வாங்கு வாங்கியிருப்பேன்.

அந்த வாரக் கடைசியில் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய், எங்கோ கழித்துப்போட்ட பெரிய சர்வர்களில் இருந்து பிடுங்கி விற்கிற நெட்வொர்க் கார்டு இரண்டும், விரல் பருமனில் ஒரு கறுப்புக் கேபிளும் வாங்கி வந்தாள். கேபிளின் இரண்டு முனையிலும் இரும்புத் தலை. இரண்டு கம்ப்யூட்டரையும் திறந்து கார்டுகளைச் சொருகினாள். நடுச் சுவரில் ஓட்டை போட டிரில் வேண்டும் என்று கேட்டாள். அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் ஓடிப்போய் வாங்கி வந்தான். நான் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் அடுத்த ஈஸ்டருக்கு அடிக்கிறவன் அவன்.

ஓட்டை வழியாகக் கேபிள் போயிற்று. நடுவில் ரூட்டர் மாதிரிப் பெட்டி கிடையாது, டிஸ்க் கிடையாது. இந்த மிஷினில் இருந்து அந்த மிஷினுக்கு ஒரே கோடு. சோதித்துப் பார்க்க ஒரு முழுக் கல்யாணத்தை அனுப்பினாள். நான் எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். டீ ஆறுவதற்குள் கல்யாணம் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணன் திறந்த வாயை மூடவில்லை. நான் பெயர் எழுதி ஒட்டிவைத்த டிஸ்குகள் எல்லாம் அன்றைக்கே பரணுக்குப் போயின.

காட்சிகள் போகும்போது அவள் ஒன்றும் செய்ய மாட்டாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையில் நகரும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். போன் அடித்தாலும் எடுப்பதில்லை. "போவுது பாரு" என்பாள். உம்மென்றே இருக்கிற அந்த முகத்தில் அப்போது மட்டும் ஒரு சிரிப்பு வரும். நானும் பார்த்தேன். ஒரு பச்சைக் கோடு. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அண்ணனுக்கும் புரிந்திருக்காது, ஆனாலும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

ஸ்டூடியோவோடு அது நின்றிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக் கதையைச் சொன்னால்தான் மீதி விளங்கும்.

எங்கள் அம்மாவும் அண்ணனும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பல வருஷமாகப் பேசாதவர்கள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உடம்புக்கு வந்து, வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். அந்த வேலையை வாரிசுக்கு என்று அண்ணனுக்குக் கொடுக்க வந்தார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு வேலை கிடைத்தால் கோயிலில் பாட்டுப் பூசையே வைப்பார்கள். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டான். கேமரா வாங்கினான். "அவங்கப்பா உட்டுட்டுப் போன சோத்த எட்டி ஒதச்சவன்" என்று அம்மா சொன்னாள். அவனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். அன்றைக்கு ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு மாடியில் அம்மா, கீழே அண்ணன், நடுப்படியில் நான். "அந்தப் பேமானிய வந்து கொட்டிக்கச் சொல்லு" என்பாள் அம்மா. நான் இறங்கிப் போய், "அம்மா சாப்பிடக் கூப்ட்றாங்க" என்பேன். "அந்தம்மா சோறு எனக்கு வாணாம்னு சொல்லு" என்பான் அண்ணன். நான் ஏறி வந்து, "அண்ணனுக்கு வயிறு ஒரு மாதிரி கீதாம், அப்பறமா வரானாம்" என்பேன். முள்ளை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் இரண்டு பக்கமும் பரிமாறினேன். அதைத் தப்பு என்று நான் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் அந்த வீட்டில் ஒரு பானை முழுசாக மிஞ்சியிருக்காது. அந்தக் குடும்பத்தை ஒட்டவைத்திருந்தது நான்தான். யாரும் அதைச் சொன்னதில்லை. சொல்லாவிட்டாலும், நான் இல்லாமல் அவர்களால் ஒருவேளைச் சோறுகூடச் சாப்பிட முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது போதும் என்று இருந்தேன்.

இந்த இடத்துக்குத்தான் அவள் வந்து சேர்ந்தாள்.

அவளிடம் ஒரு குணம். யார் பேச்சையும் இன்னொருவருக்குக் கொண்டுபோய்ச் சொல்ல மாட்டாள். ஒருநாள் வாசலில் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்த நான், "கரண்ட் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்துகீதுன்னு அண்ணனாண்ட சொல்லிடேன்" என்றேன். உள்ளறைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். "உள்ளதான கீறாரு, நீயே சொல்லு" என்று போய்விட்டாள். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது அவளுக்குப் போன் போட்டு, அம்மாவைக் கஞ்சி போடச் சொல் என்றேன். அவள் படியேறி வந்து போனை அம்மா கையில் திணித்தாள். பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு நான் அம்மாவோடு போனில் கஞ்சி பற்றிப் பேசினேன். அப்படி ஒரு பிடிவாதம்.

வாடிக்கையாளர்களிடமும் அதே கதைதான். தெற்கே இருந்து வந்து தங்கசாலைப் பக்கம் மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர், மகள் கல்யாண வீடியோவில் தன் தம்பி வரும் இடத்தை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று என் காதோடு சொன்னார். சொத்துத் தகராறு. இப்படிப்பட்டதை நான் அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லி, அவன் எடிட்டரிடம் சொல்லி, முடியாது என்றால் அதையும் பக்குவமாகத் திருப்பிக் கொண்டுவருவேன். அவளுக்குக் காது பாம்புக் காது. உள்ளே இருந்து எழுந்து வந்தாள்.

"சார், உங்க தம்பி எல்லா எடத்துலயும் மாப்ள பக்கத்துலயே நின்னுகினு கீறாரு. அவர எடுத்தா மாப்ளயும் பூடுவாரு. நீங்க அவராண்ட ஒரு தபா பேசிட்டு வாங்களேன், அப்பால எடுக்கறதா வாணாமான்னு பாக்கலாம்."

நான் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அந்த மனிதர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். தம்பியிடம் பேசினாரா என்று தெரியாது. வீடியோவை அப்படியே வாங்கிப் போனார். அடுத்த மகளுக்குத் தேதி சொல்ல வந்தபோது, "அந்த நேராப் பேசுற புள்ள இருக்காளா?" என்று கேட்டார். வாசலில் உட்கார்ந்திருந்த என்னிடம்தான் கேட்டார்.

இவள் இல்லாமல் என்னால் முடியாதா என்று எனக்கு ரோஷம் வந்தது. அவள் தன் அக்கா கல்யாணத்துக்கு லீவில் போனபோது அண்ணன் தரை கழுவி, தூசி தட்ட வேண்டும் என்று மிஷின்களையும் அவற்றில் இருந்த கார்டுகளையும் கழற்றிவிட்டான். திரும்ப மாட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கேபிளைச் சொருகிவிடலாம். ஆனால் நடுவில் பெட்டி இல்லாத கோடு அது. யார் யார் என்று சொல்ல வேறு ஆள் கிடையாது. கார்டு துளை மாறினால் பழைய எண் போய்விடும், ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு எண்ணை மறுபடி நாமேதான் கொடுக்க வேண்டும். அவள் அடிப்பதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருந்தேன். ஒரு புள்ளி தப்பாமல் அடித்தேன். இரண்டு மிஷினுக்கும் ஒரே எண்ணை அடித்தேன். ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரே கதவு எண்தானே என்று எனக்குத் தோன்றியது. ஒன்றுக்கொன்று அடையாளமே தெரியாமல் இரண்டும் உட்கார்ந்திருந்தன. வேறு வழியில்லாமல் அண்ணன் பரணில் ஏறி என் டிஸ்குகளை இறக்கினான். அவள் வரும்வரை பழையபடி நான் ஏற்றி, நான் எழுதி, நான் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு அது நல்ல வாரமாகத்தான் இருந்தது.

அவள் வந்து பார்த்ததும், "ரெண்டுக்கும் ஒரே நம்பர் குட்துகீற. ரெண்டும் நாந்தான் அதுன்னு சொல்லிகினு கீது. அப்ப எது யாராண்ட பேசும்?" என்றாள். கடைசி எண்ணை மாற்றினாள். கல்யாணங்கள் போக ஆரம்பித்தன. அண்ணன் டிஸ்குகளை மறுபடி பரணில் போட்டான்.

மாடிக்கு அவள் எப்போது ஏற ஆரம்பித்தாள் என்று நினைவில்லை. அவள் சாப்பாடு கொண்டுவராத ஒருநாள் அம்மா கூப்பிட்டிருக்கிறாள். நண்டு குழம்பு. காலை உடைத்து உறிஞ்சிக்கொண்டே அவள் கேட்டாள், "ஏன் ஆன்ட்டி, நீங்க அண்ணனாண்ட பேசறதில்ல?"

எனக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. அதை அம்மாவிடம் எங்கள் தெருவில் ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் கோயில் பங்குச் சாமியார்கூடச் சுற்றி வளைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அம்மா கோபப்படவில்லை. "மொதல்ல அவன் பேசட்டுமே" என்றாள்.

"அவரு பேசுனா நீங்க பேசுவீங்களா?"

"பேசாம? பெத்தவதான நானு."

"செரி" என்றாள் அவள். "இன்னொரு கரண்டி ரசம் ஊத்துங்க."

அவ்வளவுதான். மேலே ஒன்றும் கேட்கவில்லை. கீழே போய் அண்ணனிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இத்தனை வருஷம் என்னிடம் சொல்லாத ஒன்றை அம்மா அவளிடம் நண்டு தின்னும் நேரத்தில் சொல்லிவிட்டாள். அவன் பேசினால் பேசுவாளாம். இது எனக்கே செய்தி. அதற்குப் பிறகு எப்போதோ 'ஆன்ட்டி' போய் 'ம்மா' ஆகிவிட்டது.

அப்புறம் பெரியப்பா மகனின் கல்யாணம். காலையில் கோயிலில் திருமணப் பூசை, மாலையில் கோயிலின் பங்கு மண்டபத்தில் வரவேற்பு. காலையில் நடந்ததை மாலையில் கேக் வெட்டுவதற்கு முன்னால் மேடைத் திரையில் போட்டுக் காட்ட வேண்டும். இப்போது இது இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணமே இல்லை. மண்டபத்தில், மேடையை ஒட்டின சின்ன அறையில் இரண்டு மிஷினையும் கொண்டுபோய் வைத்துக் கேபிளால் இணைத்திருந்தோம். கார்டுகளில் இருந்து காட்சிகள் ஒரு மிஷினில் ஏறின, அங்கே அண்ணன் நிறம் சரிசெய்தான், அப்படியே மற்றதற்குப் போனதும் அவள் வெட்டி ஒட்டினாள். வெளியே நாற்காலிகள் நிறைந்துகொண்டிருந்தன. சொந்தக்காரக் கல்யாணம் என்பதால் அம்மாவும் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். அண்ணன் இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை.

சிக்கல் எங்கே வந்தது என்றால், பெரியவர்கள் மணமக்கள் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிற இடத்தில். படம் சில நிமிஷம்தான். யாரைப் போடுவது, யாரை விடுவது? மாப்பிள்ளையின் ஞானத்தாய், ஞானஸ்நானத்தில் அவனை ஏந்தியவர், முதலில் வர வேண்டும். அவர் விட்டுப்போனால் அந்தக் கிளை ஆயுசுக்கும் இந்தக் கிளை வாசலை மிதிக்காது. திரையில் பார்த்தால் ஒரே பச்சை நிறப் பட்டில் மூன்று பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். காட்டுப்பள்ளியில் இருந்து வந்த கூட்டம். அண்ணனுக்கு ஒருவரையும் தெரியவில்லை. அம்மா போகிற விசேஷங்களுக்கு அவன் போவதை நிறுத்தி எத்தனை காலம்.

"அம்மாவுக்குத் தெரியும்" என்றேன். "நான் கேட்டுட்டு வரேன்." திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு ஓடினேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் ஓடினேன். எவ்வளவு வேகமான கேபிள் இருந்தாலும் என்ன? அம்மாவிடம் கேட்டு அண்ணனிடம் சொல்ல நான்தானே வேண்டும்.

மண்டபம் முழுக்கத் தேடினேன். அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. சமையல்கட்டுப் பக்கம் போனேன். "இப்பதான் அந்த டேங்கர்காரரு பொண்ணு வந்து கையப் புடிச்சி இட்டுனு போச்சி" என்றாள் பெரியம்மா.

திரும்பி வந்து அந்தச் சின்ன அறையின் கதவைத் தள்ளினேன். அம்மா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அண்ணன். அவள் சுவரோரமாக நின்றுகொண்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, திரையைப் பார்த்திருந்தாள். அவர்கள் இருவருக்கும் சொல்ல அவளிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

அண்ணன் ஒரு உருவத்தின்மேல் விரலை வைத்தான். தொண்டையைச் செருமினான். "இவங்களா?" என்றான். யாரிடம் என்று இல்லாமல் திரையிடம் கேட்பதுபோலக் கேட்டான்.

வெளியே யாரோ மைக்கைச் சோதிக்க ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு அம்மாவின் விரல் போய் அவன் விரலைத் தள்ளிவிட்டது.

"அவ இல்லடா. பக்கத்துல கீறா பாரு, அவ."

'டா' என்றாள். அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் முகத்தைத் துடைக்காமல், "செரிம்மா, அப்ப இந்தக் கண்ணாடி போட்டவங்க?" என்றான். "அவ சும்மா பக்கத்து வூட்டுக்காரி. போட்டோவுல நிக்கணும்னா முந்திகினு வந்துடுவா. தூக்கு அவள" என்றாள் அம்மா. அப்படியே ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனாள். சொல்லச் சொல்ல அவன் தள்ளித் தள்ளிக் கேட்டான். நான் கையில் போனைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அந்தப் போனில் இருந்த படத்துக்கு இனி வேலை இல்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மட்டும் பார்த்தாள், பார்த்துவிட்டு, "கதவ சாத்து, சத்தம் வருது" என்றாள்.

அன்று வீடியோவைப் பார்த்து மண்டபமே கைதட்டியது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று பெரியம்மா நினைத்துக்கொண்டாள்.

நான் நல்ல மகளாக இருந்தால், வீட்டில் விளக்கு ஏற்றியது போலிருந்தது என்று எழுதலாம். நான் காத்திருந்தேன். நேராகப் பேசினால் இரண்டு பேரும் கடித்துக் குதறிக்கொள்வார்கள், பிறகு என்னிடம்தான் வருவார்கள் என்று காத்திருந்தேன். நினைத்த மாதிரியே சண்டை வந்தது. துறைமுக வேலை வந்தது, கேமரா வந்தது, அப்பா வந்தார். நான் இத்தனை வருஷம் எடுத்துப்போட்ட முள் எல்லாம் ஒரே நாளில் இரண்டு பக்கமும் பறந்தது. "உன் சோறு எனக்கு வாணாம்" என்று அண்ணன் அம்மா முகத்துக்கு நேராகவே கத்தினான். "போடா, போய் அந்த கேமராவ துன்னு" என்றாள் அம்மா. நான் படியில் தயாராக நின்றேன். கொஞ்ச நேரத்தில் மேலே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தால் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே மீன் வைத்துக்கொண்டிருக்கிறாள். இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்காகவா நான் அத்தனை தடவை ஏறி இறங்கினேன்?

அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. அம்மா அண்ணனுக்கு நேராகப் போன் போட்டாள். அண்ணன் நேராக மாடிக்கு ஏறினான். நான் போய், "அண்ணன் மத்தியானம் வெளிய போறானாம்" என்றால், "தெரியும், சொல்லிட்டுதான் போனான்" என்பாள் அம்மா.

அவளுக்கு அம்பத்தூர்ப் பக்கம் வேலை கிடைத்தது. அறை அறையாக மிஷின் அடுக்கி வைத்திருக்கிற பெரிய இடமாம். ஒன்றோடு ஒன்றைக் கேபிள் போட்டு இணைக்கிறதுதான் வேலையாம். அவளுக்காகவே செய்தது போன்ற வேலை. கடைசி நாள் சாயங்காலம் பஸ் ஏற்றிவிட நானும் போனேன். அனுப்பிவைக்கிற மகிழ்ச்சியில்தான் போனேன். தெரு முனையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக அடைத்துக்கொண்டு நின்றதால் பஸ் வரவில்லை. வரவில்லை என்றதும் எனக்கு வாய் அடங்கவில்லை.

"நல்லா கீற எடத்துல பூந்து என்ன ஒண்ணுமில்லாம பண்ணிட்டுப் போற" என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "எத்தினி வருசமா உங்கம்மாவும் அண்ணனும் உன்னாண்ட பேசிகினு கீறாங்க. அதுல உனுக்குன்னு ஒரு பேச்சு எதுனா பேசிகீறாங்களா?"

"பேசாம? நாள்பூரா என்னாண்டதான பேசுவாங்க."

"அதெல்லாம் அவருக்கு, அவங்களுக்கு. உனுக்கு?"

வாய் திறந்தேன். எப்படியும் ஒன்று இருக்கும், சட்டென்று நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் லாரிக்குப் பின்னால் பஸ் தெரிந்தது. ஏறிப் போய்விட்டாள். கையாட்டக்கூட இல்லை. அந்த வழக்கமும் அவளுக்குக் கிடையாது.

மூன்று நாலு நாள் கழித்து மத்தியானத்தில், அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி, மனசுல இன்னா கீது?" என்றாள். "இன்னா பண்ணணும்னு ஆச?"

நான் எழுந்துவிட்டேன். "கீழதான் கீறான், கேட்டுட்டு வரேன்" என்று இரண்டு படி இறங்கியும்விட்டேன்.

"அவன இல்லடி" என்றாள் அம்மா. "உன்னதான் கேக்கறேன்."

படியிலேயே நின்றேன். முதலில் சந்தோஷம் வந்தது. அது நிஜம். அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் அம்மா இப்படி எல்லாம் கேட்கிற ஆள் இல்லை.

"யாரு சொல்லிக் கேக்கற?"

அம்மாவுக்குப் பொய் வராது. மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். "அந்தப் பொண்ணுதான். போற அன்னிக்கு ராவு போன் பண்ணிச்சி. உங்க பொண்ண யாரும் ஒண்ணும் கேக்கறதில்லமா, அத அது வாய் தொறந்து சொல்லாது, அதனால நான் சொல்றேன்னுச்சி."

எந்த வாய்? கரண்ட் ஆபீஸ் ஆள் வந்திருப்பதைக்கூடச் சொல்ல மாட்டேன் என்ற வாய். அது எனக்காகப் போயிருக்கிறது. நான் சொல்லி அனுப்பாததை, எனக்கே தெரியாததை, கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. ஒரு முள்ளைக்கூட எடுக்கவில்லை. ஒரே ஒரு தடவைதான் அவள் அந்த வேலையைச் செய்தாள், அதையும் என்னைவிட நன்றாகச் செய்துவிட்டாள். இதற்கு எப்படிப் பொறாமைப்படாமல் இருப்பது?

அம்மா துணியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசி, நான் இங்கதான கீறேன்" என்றாள்.